பிள்ளைகளோடு பட்டிக்குப் போகிறீர்களா? ஆடு மாட்டோடு பழகும் முறை

திருகோணமலை டவுன் பிள்ளைகளுக்கு மிருகம் என்றால் முதலில் ஞாபகம் வருவது கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் நிற்கும் புள்ளிமான்தான். பழகினதுபோல நின்றாலும் அது காட்டு மிருகம், தொட வேண்டாம். தொட்டுப் பழக ஆடும் கன்றும் போதும். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பட்டி வைத்திருக்கிற சொந்தக்காரர் இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.

1. காலையிலேயே போங்கள்
எருமைக்கு வியர்ப்பது குறைவு. வெயில் ஏறினால் தண்ணீருக்குள் இறங்கிவிடும், பிறகு கொம்பும் மூக்கும்தான் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிள்ளைகளும் பத்து மணிக்கே வாடிவிடுவார்கள். தொப்பி, தண்ணீர், விரலை மூடுகிற சப்பாத்து கட்டாயம். மாடு காலை மிதித்தால் செருப்பு தாங்காது.

2. முதலில் கேளுங்கள்
“அண்ணே, இதில எது முட்டும்?” வளர்க்கிறவருக்குத் தன் பட்டியில் ஒவ்வொன்றின் குணமும் அத்துப்படி. கிடாயையும், கன்று போட்டுச் சில நாளான தாயையும் அவர் காட்டிவிடுவார். அவற்றைத் தூர நின்று பாருங்கள்.

3. ஆட்டில் தொடங்குங்கள்
பிள்ளையைக் குந்தியிருக்கச் சொல்லுங்கள். துரத்த வேண்டாம், பூவரசம் குழை ஒரு கொத்து கையில் இருந்தால் ஆடு தானாக வரும். கொத்தின் அடியைப் பிடித்து, இலைப் பக்கத்தை நீட்ட வேண்டும். ஆட்டுக்கு மேல் தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது, தடித்த ஈறுதான். அதனால் உதட்டால் பற்றி, வெடுக்கென்று இழுக்கும். பயந்து கையை உதறாமல் விட்டுவிட்டால் சரி. கடைவாய்ப் பற்கள் மட்டும் கூர், வாய்க்குள் விரல் போகக்கூடாது. உதிரி இலை என்றால் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, பெருவிரலை ஒட்டி வைத்துக் கொடுக்கலாம்.

சாப்பிட்டு முடிந்ததும் கழுத்தையும் தோளையும் சொறிந்துவிடுங்கள். நெற்றியில் கை வைத்துத் தள்ளுகிற விளையாட்டு மட்டும் வேண்டாம். குட்டிக்கு அது முட்டப் பழக்குகிற பாடம். ஆடு விலகிப் போனால் விட்டுவிடுங்கள். பாண், சோறு கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், வயிறு ஊதிவிடும். சொப்பிங் பையையும் கீழே போடாதீர்கள், அதையும் மென்றுவிடும்.

4. மாட்டிடம் பக்கவாட்டில்
மாட்டுக்கு நேர் பின்பக்கம் கண் தெரியாது. அங்கிருந்து போனால் உதைதான். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே கிட்டப் போய், கையை மணக்க விடுங்கள். காதைப் பின்னுக்குத் தள்ளினாலோ தலையைத் தாழ்த்தினாலோ மெதுவாகப் பின்வாங்குங்கள்.

அடைக்கோழி? பார்த்தால் போதும், கொத்தும்.

5. கை கழுவுதல்
சாணியில் வரும் சில கிருமிகளுக்கு சானிடைசர் சரிப்படாது. சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும், 20 செக்கனாவது தேய்க்க வேண்டும். அதுவரை முறுக்குப் பையைப் பிரிக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை இதில் கூடுதலாகக் கவனியுங்கள். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கொடுக்க வேண்டாம். பட்டி நாயோ பூனையோ கடித்தால் அல்லது கீறினால், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எருமைத் தயிர் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வையுங்கள். நேரே போய்க் கேட்டால் சட்டி கடைக்குப் போயிருக்கும்.