ஹேண்ட் பிரேக் ரிலீஸ் ஆகாத லாரியை இழுத்து ஓட்டாதீர்கள்

துறைமுக கேட் வரிசையில் இரவெல்லாம் நின்ற டிரெய்லர். விடிந்ததும் வரிசை நகர, எஞ்சினைப் போட்ட கையோடு ஹேண்ட் பிரேக் லீவரை ரிலீஸ் செய்து கிளட்சை விடுகிறார்கள். காற்றழுத்தம் காட்டும் கேஜ் முள் (சதுர சென்டிமீட்டருக்கு) 3 கிலோவில்தான் நிற்கிறது. வண்டி முனகிக்கொண்டே நகரும். கொஞ்ச தூரத்தில் பின் வீலிலிருந்து பிரேக் லைனர் கருகும் வாடை வரும்.

ஃபுட் பிரேக்கில் காற்றுதான் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக்கில் நேர் எதிர்: பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று. வீலுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று டப்பாவான பிரேக் சேம்பரின் பின்பாதியில் உள்ள அந்த ஸ்பிரிங்கை முழுதாக அமுக்க ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் தேவை. அதற்குக் குறைந்தால், லீவர் ரிலீஸில் இருந்தாலும் லைனர் டிரம்மை உரசும். முள் 6 கிலோவைத் தாண்டி, காற்று குறைவு என்று எச்சரிக்கும் பஸ்ஸரும் நின்றபின் கியர் போடுங்கள்.

காற்று ஏறவே இல்லையென்றால் கசிவைத் தேடுங்கள். முதலில் வீலுக்குக் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை ரிலீஸ் செய்ததும் சேம்பர் சீறினால் கோளாறு ஸ்பிரிங் பக்கம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சீறினால் முன்பாதி டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு) கிழிந்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரிந்துவிடும்.

நடுரோட்டில் நின்றுவிட்டால், காற்றில்லாமலே ஸ்பிரிங்கை அமுக்கும் ரிலீஸ் போல்ட்தான் வழி. சேம்பரின் பின் ஓட்டையில் போல்ட் தலையை விட்டு, கால் சுற்று திருப்பிப் பூட்டியபின், கை ஸ்பேனரால் நட்டை இறுக்குங்கள். இம்பாக்ட் கன் கூடாது, மரை போய்விடும். இங்கேதான் உயிர்போகும் தவறு நடக்கிறது: கட்டை போடாமல் போல்ட்டை இறுக்குவது. ஸ்பிரிங் அமுங்கியதும் அந்த வீலுக்குப் பார்க்கிங் பிரேக்கே கிடையாது. கத்திப்பாரா மாதிரி மேம்பாலச் சரிவில் லோடு வண்டி தானாக உருளும், அடியில் படுத்திருப்பவர் மேலேயே. இப்படி விடுவித்த வண்டியை ரெக்கவரி வண்டியில் கட்டி இழுக்கலாம். லோடோடு ஓட்டிப் போகக் கூடாது.

ஸ்பிரிங் பக்கத்து கிளாம்ப் வளையத்தில் கையே வைக்காதீர்கள். உள்ளே கிட்டத்தட்ட 900 கிலோ விசை அடைபட்டிருக்கிறது. வளையம் விட்டால் மூடி குண்டு மாதிரி பாயும். அந்தப் பாதி பழுதானால் முழு சேம்பரையே மாற்றுங்கள்.

வேலை முடிந்து, காற்று முழுதாக ஏறியபின் போல்ட்டைக் கழற்றினால், பின் ஓட்டை பிளக்கை மறக்காமல் மாட்டுங்கள். சென்னை மழைத் தண்ணீரும் உப்புக்காற்றும் உள்ளே புகுந்தால் ஸ்பிரிங் துருப்பிடித்து உடையும். உடைந்த முனை டயாஃப்ரத்தைக் குத்திக் கிழிக்கும்.