ஸ்டேக் சுடுவது எப்படி: பதம் தப்பாமல் இருக்க நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

ஸ்டேக் என்றால் கடும் சூட்டில் சுட்டுச் சாப்பிடும் கனமான மாட்டிறைச்சித் துண்டு. என் முதல் ஸ்டேக் வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருந்தது. இரண்டாவதை அந்தப் பயத்திலேயே கூடுதல் நேரம் வேகவிட்டு, செருப்புத் தோலை மெல்லுவது போல மென்று முடித்தோம். மூன்றாவது முறை தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு சுட்டேன். அப்போதும் சொதப்பல்தான். ஏன் என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. அந்தக் கதை ஐந்தாம் படியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

கரி பற்றவைப்பது, கேஸ் கிரில்லைத் திறந்து மூடுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று: கரி மேல் மண்ணெண்ணெய் மாதிரி எரிதிரவம் எதையும் ஊற்றாதீர்கள். அந்த வாடை கறியில் ஏறினால் போகாது. அடியில் காகிதம் வைத்து மேலே கரி போடும் தகரக் குழாய் ஒன்று வாங்கிக்கொண்டால், கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் தணல் தயார்.

படி 1: துண்டு

வாங்கும்போது பெயரைவிடக் கனத்தைப் பாருங்கள். மூன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர் கனம் வேண்டும். மெல்லிய துண்டில் மேற்புறம் சிவக்கும்போதே உள்ளே பதம் தாண்டிவிடும். இரண்டு பேருக்கு மெல்லியதாக இரண்டு வாங்குவதைவிட, கனமாக ஒன்றை வாங்கி வெட்டிப் பகிர்ந்துகொள்வது மேல்.

ரிப் ஐ, ஸ்ட்ரிப்லாயின், டெண்டர்லாயின் மூன்றும் மாட்டின் முதுகுப் பக்கத்திலிருந்து வருபவை. அதிகம் உழைக்காத தசை, அதனால் மென்மை. காலும் தோளும் அப்படியல்ல. அவற்றிலுள்ள கொலாஜன் என்ற கடினமான இணைப்புத் திசுப் புரதம் இளகிக் கரைய மணிக்கணக்கில் மெதுவாக வேக வேண்டும். கிரில்லில் பத்து நிமிடத்தில் அது நடக்காது. டெண்டர்லாயின்தான் எல்லாவற்றிலும் மென்மை, ஆனால் கொழுப்பு குறைவு, சுவையும் குறைவு என்பது என் எண்ணம். என் ஓட்டு ரிப் ஐக்கு. தசைக்குள் வெள்ளை இழைகளாகக் கொழுப்பு ஓடும் துண்டாகப் பொறுக்குங்கள்.

படி 2: உப்பு

உப்பு போட இரண்டு நேரம்தான் உண்டு. ஒன்று, சுடுவதற்கு முக்கால் மணி நேரமாவது முன்னால். இல்லையென்றால், அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன். இடைப்பட்ட நேரம் ஆகாது. உப்பு முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் பார்த்தால் மேலெல்லாம் வியர்த்திருக்கும். அப்போது அடுப்பில் வைத்தால் கறி சிவக்காது, அவியும். விட்டுவைத்தால் அந்த நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல உள்ளேயே திரும்பிவிடும்.

நான் முந்தின இரவே உப்பு தடவி, கம்பித் தட்டின் மேல் மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் உப்பு. மிளகு கடைசியில்தான், கடும் தணலில் அது கருகிக் கசக்கும். மசாலாவில் ஊறவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உப்பைத் தவிர மற்றவை சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை, மேற்புறத்தை ஈரமாக்குவதோடு சரி.

படி 3: ஈரம் துடைப்பது

பேப்பர் டவலால் இரண்டு பக்கமும் ஓரங்களும் ஒற்றி எடுங்கள். அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் மையார் வினையால் வருபவை (பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912-ல் விவரித்தது). அது வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அவ்வளவுதான் கணக்கு.

"சுடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், குளிர் போகட்டும்" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் செய்து அளந்து பார்த்தேன். கனமான துண்டின் நடுவில் ஓரிரண்டு டிகிரிதான் ஏறியது. விட்டுவிட்டேன்.

படி 4: இரண்டு வெப்பம்

கரியை ஒரு பக்கமாகக் குவியுங்கள். கேஸ் என்றால் ஒரு பக்க பர்னரை மட்டும் எரியவிடுங்கள். ஒரு பாதி கடும் தணல், மறு பாதி வெறும் சூடு.

கறியை முதலில் தணல் இல்லாத பக்கம் வைத்து மூடியைப் போடுங்கள். உள்ளே காற்று 110 முதல் 120 டிகிரி இருந்தால் போதும். கறியின் நடு 47 டிகிரி வந்ததும் தணல் பக்கம் மாற்றி, இடுக்கியால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிச் சிவக்க விடுங்கள். "ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும்" என்பதை நம்பாதீர்கள். அடிக்கடி திருப்பினால் இரண்டு பக்கமும் சீராக வேகும், நேரமும் மிச்சம்.

முதலில் கடும் தணலில் வைத்துச் "சாற்றை உள்ளே பூட்டிவிட்டு" அப்புறம் வேகவைக்கும் முறை பரவலாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது. ஆனால் சிவந்த மேற்புறம் எதையும் பூட்டுவதில்லை. சிவந்த கறியைத் தட்டில் வைத்துப் பாருங்கள், கீழே சாறு தேங்கும். மேற்புறம் சிவப்பது சுவைக்காக மட்டுமே, அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. லாபம்தான்: மெதுவாகச் சூடேறிய துண்டில் ஓரம் முதல் நடு வரை ஒரே இளஞ்சிவப்பு இருக்கும், சாம்பல் நிறப் பட்டை மிக மெல்லியதாக நின்றுவிடும்.

கொழுப்பு சொட்டித் தீ கிளம்பினால் பதற வேண்டாம், தண்ணீரும் தெளிக்க வேண்டாம். துண்டைச் சூடு குறைந்த பக்கம் நகர்த்துங்கள். தீ தானே அடங்கும்.

கிரில் இல்லையா? ஓவனில் மெதுவாகச் சூடேற்றி, கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் சிவக்க வையுங்கள். வரிவரியாக மேடு உள்ள கிரில் சட்டி வேண்டாம். கறி அந்த மேடுகளில் மட்டும்தான் படும். கோடு விழுந்த இடம் மட்டும் சிவந்து, மீதி வெளிறிக் கிடக்கும். என்னிடம் இருந்ததை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

படி 5: நடுவில் எத்தனை டிகிரி?

இங்கேதான் நான் விழுந்தேன்.

நான் முதலில் வாங்கியது முள் காட்டும் வட்ட முக தெர்மாமீட்டர். மேலிருந்து கீழாகக் குத்தினேன். முள் 54 காட்டியது, எடுத்துவிட்டேன். வெட்டினால் நடுவெல்லாம் சாம்பல் நிறம். கருவி கோளாறு என்று நினைத்து, கொதிநீரில் போட்டுப் பார்த்தேன், சரியாகக் காட்டியது.

விஷயம் என்னவென்றால், அந்த வகைக் கருவி நுனியில் மட்டும் சூட்டை உணர்வதில்லை. நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை உணர்ந்து, அதன் சராசரியைக் காட்டும். நான்கு சென்டிமீட்டர் கறியில் மேலிருந்து குத்தினால் அந்தத் தண்டில் ஒரு பகுதி வெளிக்காற்றில் நிற்கும். மூடி திறந்திருந்ததால் காற்று குளிர்ந்திருந்தது, முள் குறைத்துக் காட்டியது. முழுக் கோழி, பெரிய தொடைக்கறி போன்றவற்றுக்கு அது சரி. ஸ்டேக்குக்கு வேண்டியது மெல்லிய நுனியில் உணரி உள்ள, சில நொடிகளில் எண் காட்டும் டிஜிட்டல் வகை. மற்ற எதற்கும் பணம் செலவழிக்காவிட்டாலும் இதற்குச் செலவழியுங்கள்.

டிஜிட்டல் வாங்கிய பிறகும் ஒருமுறை தப்பியது, காரணம் குத்திய விதம். மேலிருந்து குத்தினால் நடு எங்கே என்று கைக்குத் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலே எண் பல டிகிரி மாறும். இப்போது செய்வது இதுதான்: இடுக்கியால் துண்டைத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில், கனத்தின் நடுவில் குத்தி, மையத்தைத் தாண்டும்வரை உள்ளே விடுவேன். பிறகு மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே எண்ணைப் பார்ப்பேன். எண் இறங்கி, மறுபடி ஏறும். மிகக் குறைந்த எண் எதுவோ அதுதான் நடு. எலும்பும் கொழுப்புக் கட்டியும் நுனியில் படக் கூடாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். ஓட்டை வழியே சாறெல்லாம் ஓடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கறி பலூன் அல்ல.

சாப்பிடும்போது நடுவில் இருக்க வேண்டிய அளவுகள், செல்சியஸில்:

ரேர் (நடு கிட்டத்தட்டப் பச்சை): 49–52
மீடியம் ரேர்: 54–57
மீடியம்: 60–63
மீடியம் வெல்: 65–68
வெல் டன் (முழுக்க வெந்தது): 71-க்கு மேல்

அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் வெளிப்புறச் சூடு உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வேண்டிய அளவுக்கு மூன்று டிகிரி முன்னாலேயே எடுத்துவிடுங்கள். முழுக்கக் கடும் தணலில் சுட்டிருந்தால் ஐந்து டிகிரி. என் விருப்பம் ரிப் ஐக்கு 57. இன்னும் குறைத்தால் கொழுப்பு இளகாமல் வாயில் மெழுகாக நிற்கிறது. 66 டிகிரிக்கு மேல் தசைநார்ப் புரதங்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளத் தொடங்கும். அந்த இரண்டாவது ஸ்டேக் செருப்பானது அப்படித்தான்.

பாதுகாப்பைப் பற்றி: அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும், கொத்துக்கறிக்கு 71 டிகிரியும் சொல்கிறது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும், கொத்துக்கறியில் எல்லா இடமும் கலந்துவிடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு 63-க்குக் கீழே பரிமாறாதீர்கள். மென்மையாக்க ஊசியால் குத்தி விற்கும் துண்டு என்றால் யாருக்குமே வேண்டாம். ஊசி மேலிருந்ததை உள்ளே கொண்டுபோயிருக்கும்.

கறியை விரலால் அழுத்தி, அதன் இறுக்கத்தை உள்ளங்கைச் சதையோடு ஒப்பிட்டுப் பதம் சொல்லும் வித்தை? தினமும் நூறு ஸ்டேக் சுடுபவருக்குக் கை சொல்லும். எனக்குச் சொன்னதில்லை.

படி 6: ஓய்வும் வெட்டும்

கம்பித் தட்டின் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். ஃபாயிலால் இறுக்கி மூடினால் ஆவி தங்கி, பாடுபட்டு வரவைத்த மொறுமொறுப்பு நமுத்துவிடும். தட்டில் தேங்கும் சிவப்பு நீர் ரத்தமல்ல, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். வெட்டும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டுங்கள்.

பிற்சேர்க்கை

வீடெல்லாம் புகை மண்டிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில் தொடக்கத்திலேயே வெண்ணெய் போட்டிருக்கிறார். வெண்ணெயிலுள்ள பால் துகள்கள் சீக்கிரம் கருகும். சட்டிக்குச் சுத்திகரித்த எண்ணெய் ஒரு ஸ்பூன், வெண்ணெய் கடைசி நிமிடத்தில். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் தப்பு.

தெர்மாமீட்டரை எப்படி நம்புவது என்று இன்னொருவர் கேட்டார். டம்ளர் நிறைய உடைத்த ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிடம் கழித்து நுனியை நடுவில் பிடியுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரில் பார்ப்பவர்கள் உயரத்தைக் கணக்கில் எடுங்கள்; கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும்.

அடிக்கடி வரும் கேள்வி: கனமான துண்டே கிடைக்கவில்லை, ஒன்றரை சென்டிமீட்டர்தான் கிடைக்கிறது. அப்படியென்றால் நான்காம் படியை மறந்துவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, துடைத்து, குளிர் போவதற்குள் இருப்பதிலேயே கடும் தணலில் வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகச் சிவக்கவிட்டு, மறுபக்கம் சும்மா காட்டி எடுத்துவிடுங்கள். சிவந்த பக்கம் மேலே தெரியும்படி பரிமாறினால் யாரும் கேட்க மாட்டார்கள்.