கைமாற்றுக் கடனைச் சட்டம் ஏற்கும் ஒப்பந்தமாக்குவது எப்படி?

உறவினருக்கோ நண்பருக்கோ கைமாற்றாகப் பணம் கொடுத்தவர்களில் பலர், "எழுத்தில் எதுவும் இல்லையே, இனி என்ன செய்ய முடியும்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சையும் ஒப்பந்தமாக ஏற்கிறது. நிரூபிப்பதில்தான் சிக்கல். என் சித்தப்பா மகன் கடை வைக்க நான் கொடுத்த கடன் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்கு நாங்கள் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பேசியது ஒப்பந்தம்தானா?

ஒருவர் கேட்டு மற்றவர் சம்மதித்திருக்க வேண்டும். பிரதிபலன், அதாவது ஒன்றுக்கு ஈடாக மற்றொன்று, இருக்க வேண்டும். இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மிரட்டலோ ஏமாற்றோ சட்டவிரோத நோக்கமோ கூடாது. பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. "உனக்கு ஒரு லட்சம் தருகிறேன்" என்று பாசத்தில் வாயால் சொன்னதும் ஒப்பந்தம் ஆகாது.

குடும்பத்துக்குள் பேசியதில் இன்னொரு சங்கடம் உண்டு. இலங்கையில் அரசுப் பணியில் இருந்த பால்ஃபோர் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லியிருந்தார். பணம் வராததால் மனைவி வழக்குத் தொடுத்தார். சட்டத்துக்குக் கட்டுப்படும் எண்ணத்தோடு அவர்கள் அப்படிப் பேசிக்கொள்ளவில்லை என்று 1919இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தியாவிலும் சட்டம் படிப்பவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளில் இதுவும் ஒன்று. உறவுக்குள் கொடுக்கும் கடனைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். "நமக்குள் எதற்கு அண்ணா இதெல்லாம்?" என்று தம்பி கேட்டான். "நாளைக்கு நான் இல்லாவிட்டால் உன் அண்ணிக்குக் கணக்குத் தெரிய வேண்டும், உனக்கும் அது பாதுகாப்பு" என்றேன். உடனே உட்கார்ந்து எழுதினான்.

படி 2: வங்கி வழியாகக் கொடுங்கள்

20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனைப் பொதுவாக ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். பணம் போன தடயமும் வங்கிக் கணக்கில் தானாகவே நிற்கும்.

படி 3: புரோநோட்டு எழுதுங்கள்

தனிநபர் கடனுக்கு முத்திரைத்தாளில் நீட்டி முழக்கி எழுதுவதைவிடப் புரோநோட்டே (வாங்கிய பணத்தைத் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் கடனுறுதிச் சீட்டு) மேல் என்பது என் கருத்து. கையெழுத்து உண்மை என்று நிறுவிவிட்டால், பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். வாங்கவில்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் அச்சிட்ட படிவமே போதும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். "நெல் விற்றதும் தருகிறேன்" என்று நிபந்தனை சேர்த்தால் அது புரோநோட்டே ஆகாது. ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, ஸ்டாம்பிலும் தாளிலும் படும்படி குறுக்கே கையெழுத்து வாங்குங்கள். மற்றப் பல ஆவணங்களில் முத்திரைக் குறைவை அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்த வழி இல்லை. எழுதும்போதே ஸ்டாம்பு இருந்தாக வேண்டும்.

கடன் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: தொகை எழுதாத வெற்றுப் புரோநோட்டில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை நிரப்பிக்கொள்ளும் உரிமையைச் சட்டமே மற்றவருக்குத் தருகிறது.

படி 4: மூன்று ஆண்டும் வரவுக் கையெழுத்தும்

நாங்கள் தடுமாறிய இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய புரோநோட்டுக்கு, நாம் பணத்தைக் கேட்ட நாளிலிருந்துதான் வழக்குப் போடுவதற்கான கெடு தொடங்குகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்தே மூன்று ஆண்டுகள் ஓடத் தொடங்கிவிடும்.

அந்த மூன்று ஆண்டுக்குள் கொஞ்சம் பணம் கட்டினால், கட்டிய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். ஆனால் பணம் கட்டியதற்குக் கட்டியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்டோ எழுத்து இருக்க வேண்டும். தம்பி அவ்வப்போது கூகுள் பேயில் அனுப்பிக்கொண்டிருந்தான். கணக்கில் எல்லாம் பதிவாகியிருந்தது. கெடு நெருங்கிய சமயத்தில் எங்கள் வழக்கறிஞர் புரோநோட்டைத் திருப்பிப் பார்த்து, "வரவு எங்கே?" என்று, அதாவது பணம் கட்டியதைக் குறித்த எழுத்து எங்கே என்று கேட்டார். பணம் வந்த தடயத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்றார். அன்றே தம்பி புரோநோட்டின் பின்புறம், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினான் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டான். கடன் கொடுத்தவர் தானாக எழுதிக்கொள்ளும் வரவு செல்லாது, கட்டியவர்தான் எழுதவோ கையொப்பமிடவோ வேண்டும்.

பணம் கட்ட முடியாத நிலை என்றால், "இவ்வளவு பாக்கி தர வேண்டியிருக்கிறது" என்று கெடுவுக்குள் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் கெடுவைப் புதுப்பிக்கும். கெடு தாண்டிவிட்டதா? அப்போதும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தப் பழைய கடனைத் தருவதாக அவர் எழுத்தில் உறுதிகூறிக் கையொப்பமிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே ஏற்கிறது. வாயால் சொல்வது இங்கே போதாது.

பின்சேர்க்கை: சாட்சி வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். புரோநோட்டுக்குச் சாட்சி கட்டாயமில்லை. சாட்சி போடுவதானால், "தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது" என்ற வாசகம் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சாட்சிக் கையெழுத்து மட்டும் இருந்தால், அதைக் கடன் பத்திரமாகக் கருதி அதிக முத்திரைத் தீர்வை கேட்க இடமுண்டு.

மீண்டும் ஒரு சேர்க்கை: "என்னிடம் வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே இருக்கின்றன" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவையும் சான்றுதான். மின்னணு வழியில் செய்ததால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து நீட்டினால் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். அதில் உங்கள் கையொப்பத்தோடு ஒரு நிபுணரின் கையொப்பமும் இருக்க வேண்டும். அதுவரை அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கடன் வாங்கியவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், முதல் வேலையாக ஒரு புரோநோட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.