எரிகோ மதில் விழவில்லை என்று செய்தி வந்தால் என்ன செய்வது?

ராத்திரி பதினொன்றரை மணிக்கு எங்கள் வாலிபர் வேதபாட வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு, "அண்ணே, யோசுவா காலத்துல எரிகோவுல மதிலே இல்லையாமே, அப்போ மத்ததெல்லாம்?" என்று கேட்டிருந்தான். இஸ்ரவேலர் சுற்றி வந்து ஆர்ப்பரித்தபோது எரிகோ பட்டணத்து மதில் இடிந்து விழுந்தது என்று யோசுவா புஸ்தகம் சொல்கிறது, அதைத்தான் அந்த வீடியோ மறுத்தது. அந்த "மத்ததெல்லாம்" என்ற ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் பத்தொன்பது வயதில் நானும் இதே கேள்வியோடு சபைப் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் "இதெல்லாம் படிக்காதே, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டார், அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடம் யாரிடமும் வாய் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன்.

அதனால் அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். தொல்லியல் சான்று ஒரு கிறிஸ்தவனின் விசுவாசத்தை அசைக்குமா என்றால், அசைக்கும். அசைக்காது என்று மேடையில் சத்தமாகச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. ஒரு செய்தி வந்து ஆட்டம் காட்டும்போது எங்கே நின்று, எதை முதலில் பார்ப்பது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

விசுவாசப் பிரமாணத்தைக் கையில் எடுங்கள்

ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோமே, அதே விசுவாசப் பிரமாணத்தை ஒரு தாளில் வரிவரியாக எழுதி, வந்த செய்தியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தச் செய்தி உண்மையாக இருந்தால் இதில் எந்த வரி அடிபடுகிறது? எரிகோ மதிலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆபிரகாமின் ஒட்டகங்கள் இல்லை, நோவாவின் பேழை இல்லை. அதற்காக அவை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை, அவை வேறு தட்டில் வைக்க வேண்டியவை என்கிறேன். "மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்" என்ற வரி அப்படியில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று கொரிந்தியருக்குப் பவுலே எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரியைத் தொடுகிற செய்தி வந்தால் சாக்குப்போக்கு சொல்லி நழுவக்கூடாது, முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்படி ஒன்று வரவும் செய்தது. 1980-இல் எருசலேமின் கிழக்குத் தல்பியோத் பகுதியில் வீடு கட்டத் தோண்டியபோது ஒரு பழைய குடும்பக் கல்லறை வெளிப்பட்டது. உள்ளே பத்து எலும்புப் பெட்டிகள் (உடல் மட்கியபின் எலும்புகளைச் சேர்த்து வைக்கும் கல்பெட்டிகள்), ஆறில் பெயர் கீறியிருந்தது. ஒன்றில் "யோசேப்பின் மகன் யேசுவா", இன்னொன்றில் "மரியா", மற்றொன்றில் "யேசுவாவின் மகன் யூதா". 2007-இல் இதை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்து, இதுதான் இயேசுவின் குடும்பக் கல்லறை என்றார்கள். அது மட்டும் உண்மையானால் நான் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதில் அர்த்தமில்லை, இதை நான் மனதறிந்துதான் சொல்கிறேன்.

சரி, பார்த்தால் என்ன தெரிகிறது? அந்தக் காலத்து யூதப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்காவது மரியா என்று பெயர். யோசேப்பு, யேசுவா, யூதா எல்லாம் தெருவுக்கு நாலு பேர் வைத்துக்கொண்ட பெயர்கள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மேரி, ஜோசப், ஜான் மூன்றும் ஒரே குடும்பக் கல்லறையில் இருக்கிறதா என்று தேடினால் பத்து நிமிஷத்தில் காட்டிவிடலாம். அந்தக் கல்லறையைப் பற்றிய அறிக்கையை ஆமோஸ் குளோனர் என்ற இஸ்ரேலியத் தொல்லியலாளர் 1996-இலேயே வெளியிட்டுவிட்டார், இவை சாதாரணப் பெயர்கள் என்பதுதான் அவர் கருத்து. அவர் கிறிஸ்தவர் அல்ல, நம்மைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

தோண்டி எடுத்ததா, விலைக்கு வந்ததா?

செய்தியில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான், பெரும்பாலானவர்கள் இதைத் தேடுவதே இல்லை. ஒரு பொருள் மண்ணுக்குள் எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து, யார் கண்முன்னால் கிடைத்தது என்று தெரிந்தால்தான் அது சான்று. சந்தையிலிருந்து வந்தது என்றால், எவ்வளவு பெரிய பேராசிரியர் சொன்னாலும் ஒரு அடி பின்வாங்கி நில்லுங்கள்.

2002-இல் "யோசேப்பின் மகனும் இயேசுவின் சகோதரனுமான யாக்கோபு" என்று எழுதிய எலும்புப் பெட்டி வெளியே வந்தபோது உலகமெங்கும் சபைகளில் கைதட்டினார்கள். அது தனியார் ஒருவரின் சேகரிப்பில் இருந்தது. அடுத்த வருடமே இஸ்ரேல் தொல்பொருள் துறை அந்த எழுத்தைப் போலி என்றது. வழக்கு பல வருடம் நடந்து 2012-இல் போலி செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது, ஆனால் அதனால் எழுத்து உண்மை என்று ஆகிவிடாது என்று நீதிபதியே சொல்லிவிட்டார். வாஷிங்டனில் உள்ள வேதாகம அருங்காட்சியகத்தில் வைத்திருந்த, சவக்கடல் சுருள்கள் எனப்படும் பழங்கால யூதக் கையெழுத்துச் சுருள்களின் 16 துண்டுகளும் போலி என்று 2020-இல் தெரிந்தது. அந்த ஆய்வை நடத்தச் சொன்னதும் முடிவை வெளியிட்டதும் அந்த அருங்காட்சியகம்தான், எனக்கு அது பெரிய சாட்சியாகவே பட்டது. எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான்: 2012-இல் "இயேசுவின் மனைவி" என்ற வார்த்தை உள்ள ஒரு பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டு பரபரப்பானது, அதுவும் தனியாரிடமிருந்து வந்தது, 2016-இல் அதன் பூர்வீகம் அம்பலமானதும் அதை வெளியிட்ட பேராசிரியரே போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஒத்துக்கொண்டார்.

இதற்கு எதிராக, முறையாகத் தோண்டியதில் கிடைத்தவற்றைப் பாருங்கள். 1961-இல் செசரியாவின் பழைய நாடக அரங்கில், படிக்கட்டுக்கு மறுபடி பயன்படுத்திய ஒரு கல்லைத் திருப்பினால் பின்பக்கம் பிலாத்துவின் பெயரும் யூதேயாவின் அதிகாரி என்ற பதவியும் லத்தீனில். 1993-இல் தாண் மேட்டில் ஒரு சுவரில் செருகியிருந்த கருங்கல் துண்டில் அராமிய எழுத்தில் "தாவீதின் வீடு". தாவீது வெறும் கதைப் பாத்திரம் என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கவேண்டி வந்தது.

கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும்

இரண்டும் ஒன்றல்ல. நாசரேத்து என்ற ஊரே இயேசுவின் காலத்தில் கிடையாது என்று கொஞ்ச நாள் ஒரு வாதம் ஓடியது, 2009-இல் அங்கே முதல் நூற்றாண்டு வீடு ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. யோவான் சொல்லும் ஐந்து மண்டபங்கள் உள்ள பெதஸ்தா குளத்தைக் கற்பனை என்றவர்கள் உண்டு. தோண்டிப் பார்த்தால் நடுவில் ஒரு சுவர் வைத்துப் பிரித்த இரட்டைக் குளம், நாலு பக்கமும் நடுவிலுமாக ஐந்து மண்டபத்துக்கு இடம் இருக்கிறது.

சிலுவையில் அறையப்பட்டவனை யாரும் முறையாக அடக்கம் செய்திருக்க மாட்டார்கள், எனவே அரிமத்தியா யோசேப்பு இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கிக் கல்லறையில் வைத்த கதை நடந்திருக்காது என்பது இன்னொரு வாதம். 1968-இல் எருசலேமின் வடபுறத்தில் ஒரு குடும்பக் கல்லறையில், யெகோகனான் என்று பெயர் எழுதிய எலும்புப் பெட்டிக்குள் ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது, பக்கவாட்டில் ஆணி இறங்கி நிற்கிறது. நுனி வளைந்துபோனதால் இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை, ஆணித்தலைக்குக் கீழே சின்ன மரத்துண்டு ஒட்டியபடியே அவனைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு தாய் அல்லது சகோதரன் அந்த எலும்புகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும், அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வராது. முதலில் ஆராய்ந்தவர் ஒரே ஆணி இரண்டு குதிகாலிலும் இறங்கியது, நீளம் 17 சென்டிமீட்டருக்கு மேல் என்று எழுதினார். 1985-இல் மறுபடி பார்த்தவர்கள், ஒரு குதிகால்தான், ஆணி பதினொன்றரை சென்டிமீட்டர்தான் என்று திருத்தினார்கள். பொருள் அப்படியே இருக்கிறது, அதைப் படிக்கிற விதம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த "கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல" என்பதை எல்லாவற்றுக்கும் கேடயமாகத் தூக்கக்கூடாது. புருஷர் மட்டும் ஆறு லட்சம் பேர் என்று யாத்திராகமம் சொல்கிறது, பெண்கள் பிள்ளைகளைச் சேர்த்தால் இருபது லட்சம். அத்தனை பெரிய கூட்டம் நாற்பது வருடம் தங்கிப்போன தடயம் சீனாயில் இதுவரை அகப்படவில்லை. அந்த எண்ணிக்கையை எப்படிப் படிப்பது என்று வேத அறிஞர்களே பல காலமாக யோசிக்கிறார்கள், நாமும் யோசிக்கத்தான் வேண்டும்.

உண்மையிலேயே வலிக்கிற இடம்

எரிகோவுக்கு வருகிறேன். 1930-களில் ஜான் கார்ஸ்டாங் அங்கே தோண்டி, விழுந்து கிடந்த மதில்களைக் காட்டி யோசுவாவின் மதில் இதுதான் என்றார். 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் இன்னும் நுட்பமாக, ஆழமான குழி வெட்டி அடுக்கடுக்காகப் பார்த்தபோது அந்த மதில்கள் யோசுவா காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முந்தியவை என்று தெரிந்தது. பிற்காலத்தில் அங்கே இருந்த ஊர் எரிந்துபோனது கி.மு. 1550-ஐ ஒட்டி. இல்லை, அது கி.மு. 1400 வாக்கில்தான் எரிந்தது என்று 1990-இல் ஒரு வாதம் எழுந்தது. சாம்பலுக்குள் ஜாடிகளில் கருகிக் கிடந்த தானியத்தைக் கார்பன் முறையில் சோதித்து 1995-இல் முடிவு வெளியிட்டார்கள், அது கென்யன் பக்கமே சாய்ந்தது. எரிகோவுக்கு அடுத்து யோசுவா பிடித்ததாகச் சொல்லப்படும் ஊரான ஆயி இன்னும் கஷ்டம். அதுதான் ஆயி என்று பெரும்பாலோர் கருதும் மேட்டில் கி.மு. 2400-க்கும் 1200-க்கும் இடையில் யாருமே குடியிருக்கவில்லை. அங்கே 1960-களில் அகழாய்வை நடத்திய ஜோசப் காலவே தெற்கு பாப்டிஸ்டு இறையியல் கல்லூரிப் பேராசிரியர், யோசுவாவுக்கு எதிராகத் தோண்டப் போனவர் அல்ல.

இதை என்ன செய்வது? சிலர் இடம் தப்பு, ஆயி வேறு மேடு என்கிறார்கள். சிலர் யோசுவா புஸ்தகம் இன்றைய அர்த்தத்தில் வரலாறு எழுத வரவில்லை, தேவன் தேசத்தைக் கொடுத்தார் என்பதை அந்தக் காலத்து யுத்தக் கதைகளின் பாணியில் சொல்கிறது என்கிறார்கள். ஆயி என்ற பெயருக்கே இடிபாடு என்றுதான் பொருள் என்பதையும் கவனியுங்கள். நான் இரண்டாவது பக்கம் வந்து சேர்ந்தேன், அதற்கு வருஷங்கள் ஆயின, நீங்கள் வேறு இடத்தில் நிற்கலாம். அவசரப்பட்டு ஒரே ராத்திரியில் பதில் கண்டுபிடிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ராத்திரியில் கிடைக்கிற பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: தொல்லியல் முழுவதும் சாத்தானின் வேலை, அல்லது வேதம் முழுவதும் பொய்.

இனிக்கிற செய்திக்கும் இதே அளவுகோல்

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று இருக்கக்கூடாது. செங்கடலுக்கடியில் பார்வோனின் ரதச் சக்கரம் என்று வருடாவருடம் சுற்றும் படங்களுக்கு இதுவரை எந்த அகழாய்வு ஆதாரமும் இல்லை. துருக்கியில் பேழை வடிவில் தெரியும் அந்த மேடு இயற்கையாக உண்டானது என்பதே நிலவியலாளர் பெரும்பாலோர் முடிவு. இயேசுவின் உடலைச் சுற்றியது என்று பலர் நம்பும் தூரின் சவத்துணியை 1988-இல் மூன்று ஆய்வகங்கள் சோதித்து 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்றன, அந்த முடிவை மறுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அப்படி ஒரு சோதனை நடந்ததையே மறைத்துவிட்டுப் பிரசங்கம் பண்ணக்கூடாது. பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த கற்சிலுவையை நானும் போய் மனம் உருகி நின்று பார்த்தேன், அதிலுள்ள பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்து இயேசுவின் சீடர் தோமாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. தோமா வந்தார் என்ற மரபை மதிக்கிறேன், அந்தக் கல்லைக் காட்டி அதை நிரூபிக்க மாட்டேன்.

ஒரு சான்று நமக்குச் சாதகமா பாதகமா என்றே சொல்ல முடியாத இடங்களும் உண்டு, எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும். 1 சாமுவேல் 17:4-ஐத் திறந்து பாருங்கள், கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறக்குறைய ஒன்பதரை அடி. சவக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரான் குகையில் அகப்பட்ட சாமுவேல் சுருளில் நான்கு முழமும் ஒரு சாணும், ஆறரை அடிக்குக் கொஞ்சம் மேல். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்குதான். அந்தக் காலத்து மனிதருக்கு ஆறரை அடியும் பூதாகரமான உயரம்தான், தாவீதின் கவணும் அதே கவண்தான்.

அந்தப் பையன் அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்தான். நான் யோசுவா ஆறாம் அதிகாரத்தையும் கென்யன் வெட்டிய குழியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ஒன்றரை மணி நேரம் ஓடிப்போயிற்று, பதில் எல்லாம் கிடைக்கவில்லை. கிளம்பும்போது, "அண்ணே, இயேசுவோட கல்லறையத் தோண்டுனா என்ன கெடைக்கும்?" என்று கேட்டான். திருக்கல்லறை ஆலயத்தில் 2016-இல் பளிங்குப் பலகையை நகர்த்திப் பார்த்ததையும், அங்கிருந்த சுண்ணச்சாந்து ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தை ஒட்டி, கி.பி. 345 வாக்கில் பூசியது என்று கணக்கிட்டதையும் சொன்னேன். "அதுக்கு உள்ள?" என்றான். அடியில் சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய படுக்கை மட்டும் இருந்தது என்றேன்.