வீமனின் கழுத்துப்பட்டி முள்ளில் மாட்டாமல் இருக்க

மார்கழிப் பனி தொடங்கினால் வன்னியில் விடியற்காலை நன்றாகவே குளிரும். எங்கள் வீமன் வயதான நாய். அவன் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிவப்பு, வெள்ளைக் கோடுகளோடு குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) கழுத்துப்பட்டி ஒன்று பின்னினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வேலியோரப் பற்றைக்குள் நுழைந்தால் சூரைமுள் துளைகளில் கொளுவிக்கொள்ளும். நாயுருவி விதைகள் கம்பளியில் அப்பிவிடும், பிடுங்கினால் நூலும் சேர்ந்து இழைவிடும்.

அவிழ்த்துவிட்டு வழுவழுப்பான பருத்தி நூலுக்கு மாறினேன். ஊசி 3.5 மி.மீ. ஒரு ஒற்றைப் பின்னல் (single crochet), ஒரு சங்கிலிக் கண்ணி (chain) என்று வரிசை முழுக்க மாறி மாறிப் பின்ன வேண்டும். அடுத்த வரிசையில் ஒற்றைப் பின்னலைக் கீழுள்ள சங்கிலி இடைவெளிக்குள் விட வேண்டும். துளைகள் மூடிக்கொள்ளும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் கோடு தானாக விழும்.

அதைவிட முக்கியம் கட்டும் முறை. முடிச்சுப் போடவே கூடாது, எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஒரு முனையில் சிறிய பொத்தான், மறுமுனையில் சற்றே தளர்ந்த சங்கிலி வளையம்: இழுபட்டால் கழன்றுவிடும். பட்டிக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

வெயில் ஏறியதும் கழற்றிவிடுகிறேன். நாய் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. கழுத்தில் துணி இருந்தால் பாவம், தவித்துப்போகும்.