பல கோர் கணினியில் நேரம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் கண்காணிப்பு நிரல் எழுதுவோர், இரண்டு சென்சார்களுக்கு இடைப்பட்ட நேரம் எதிர்மறை எண்ணாக வந்தால் முதலில் ஒயரிங்கைத்தான் சந்தேகிக்கின்றனர். கோளாறு பல வேளைகளில் கணினி நேரத்தைப் படித்த முறையில் இருக்கிறது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, ப்ராசஸரின் துடிப்புகளை எண்ணும் டிஎஸ்சி என்னும் கவுண்டரை நிரலிலிருந்து நேரடியாகப் படிப்பதாகும். 1993இல் பென்டியம் ப்ராசஸருடன் வந்த இந்தக் கவுண்டரைப் படிக்க மிகக் குறைந்த நேரமே ஆகும் என்பதால் அதன் மீது பலருக்கும் ஈர்ப்பு உண்டு. ஆனால் ப்ராசஸருக்குள் தனித்தனியே இயங்கும் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனிக் கவுண்டர் உண்டு என்பதையும், பழைய ப்ராசஸர்களில் வேகம் குறைந்தால் எண்ணிக்கையும் மெதுவாகி, ஆழ்ந்த உறக்க நிலையில் நின்றே போகும் என்பதையும் மறந்துவிடுகின்றனர். தொடக்க நேரத்தை ஒரு கோரில் படித்த த்ரெட்டை (நிரலின் ஓர் இயங்கு இழையை), கோர்களுக்கு வேலையைப் பங்கிடும் ஷெட்யூலர் வேறொரு கோருக்கு மாற்றிவிட்டால், அங்கே படிக்கும் முடிவு நேரத்திலிருந்து அதைக் கழிப்பதற்குப் பொருளே இல்லை. இன்றைய ப்ராசஸர்களில் கவுண்டர் ஒரே சீராக ஓடுகிறது. எனினும் எல்லாக் கோர்களும் ஒரே எண்ணைக் காட்டும் என்பதற்கு அது உறுதியாகாது, ஏனெனில் பிழையுள்ள பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) ஒரு கோரின் கவுண்டரை மட்டும் மாற்றி எழுதிவிடக்கூடும்.

இதனால்தான் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் டிஎஸ்சியை வேறொரு டைமருடன் அவ்வப்போது ஒப்பிட்டு, வேறுபாடு எல்லை மீறினால் அதை நம்பத்தகாதது என்று லாகில் பதிந்து, கோர்களுக்கு வெளியிலுள்ள ஹெச்பிஇடி போன்ற, படிக்க மெதுவான டைமருக்கு மாறிக்கொள்கிறது. இதனால் நேரம் படிக்கும் வேகம் குறைந்ததே என்று, கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் பூட் கட்டளையில் ‘டிஎஸ்சி=ரிலையபிள்’ எனச் சேர்ப்பது மிகவும் ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து; அது கவுண்டரைச் சரிசெய்வதில்லை, கண்காணிப்பை நிறுத்திவிடுகிறது. பயாஸைப் புதுப்பிப்பதே முதலில் செய்ய வேண்டியது.

டைமர் சரியாக இருந்தும் தவறான கடிகாரத்தைக் கேட்பது இன்னொரு பிழை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் மழைமானியின் துடிப்புகளைப் பதியும் சிறு கணினியை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தபின், பேட்டரி தீர்ந்த நிலையில் அது பழைய தேதியோடு எழுகிறது; இணைய இணைப்பு கிடைத்ததும் வலையமைப்பு வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதன் நேரத்தை ஒரேயடியாக முன்னே தள்ளுகிறது. அந்த இடைவெளியில் பெய்த மழையின் தீவிரம் முழுக்கத் தவறாகவே பதிவாகும். கால இடைவெளியை அளக்க தேதியை மாற்றினாலும் தாவாமல் முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரத்தையும், தேதியைக் குறிக்க ரியல்டைம் கடிகாரத்தையும் பயன்படுத்த வேண்டும்.

சோதனையைச் சுமை மிகுந்த நேரத்தில் மட்டும் நடத்துவதும் போதாது. சில ப்ராசஸர்களில் ஒவ்வொரு கோரையும் குறித்த நேரத்தில் எழுப்ப அதற்கே உரிய ஏபிஐசி டைமர், வேலையின்றி ஆழ்ந்து உறங்கும்போது நின்றுவிடுவதால், அக்கோரை எழுப்பும் பொறுப்பை வெளியிலுள்ள டைமர் ஏற்க நேர்கிறது. அங்கே பிழை இருந்தால் ஆலை ஓடாத இரவு வேளைகளில்தான் அது தெரியவரும்.