வெளிநாட்டு அகழாய்வுக்குத் தன்னார்வலராகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னார்வலர் என்றால் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று பெங்களூரில் படிக்கும் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான களங்களில் நாம்தான் பணம் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன், கட்டணத்தில் எவையெல்லாம் அடக்கம், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும், அந்நாட்டு அரசின் அகழாய்வு அனுமதி யார் பெயரில் உள்ளது என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இத்தாலி, கிரீஸ் போகிறவர்கள் சறுக்குவது விசாவில். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சிக்கலென்றால் 45 நாள் வரை ஆகும். கோடை நெருங்கினால் பெங்களூர் விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சுற்றுலா என்று எழுதிவிட்டுக் குழியில் இறங்காதீர்கள்; அழைப்புக் கடிதத்தில் உள்ள நோக்கத்தையே எழுதுங்கள்.

மண்ணைச் சுரண்டும் சிறு கரண்டியான கரணையைக் (trowel) கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பறிபோகும். செக்-இன் பெட்டியில் போடுங்கள். கூர்முனையுள்ள 4 அங்குலக் கரணை போதும். தகடும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததாக இருக்கட்டும். பற்றவைத்தது இறுகிய களிமண்ணில் கழுத்தோடு முறியும்.

குழிக்குள் நடக்கும் பெரிய தவறு, பானை ஓட்டின் முனை தெரிந்ததும் விரலால் நெம்பி எடுப்பது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் ஓட்டுக்கு மதிப்பு. பிடுங்கிய பின் அது வெறும் ஓடு. சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் ஒரே மட்டத்துக்குச் சுரண்டி இறக்குங்கள். முனையால் குத்தாமல், பக்க விளிம்பால் உங்களை நோக்கி இழுத்து, பின்னால் நகர்ந்தபடியே வாருங்கள். முன்னே நகர்ந்தால் சுத்தம் செய்த இடத்தை உங்கள் முழங்காலே கலைத்துவிடும். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் கையை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். அது பழைய குப்பைக்குழியின் விளிம்பாக இருக்கலாம். கவனிக்காமல் தோண்டினால் முற்கால ஓடும் பிற்கால ஓடும் ஒரே பையில் கலந்துவிடும். பைக்குள் போடும் சீட்டில் அடுக்கு எண்ணை அப்போதே எழுதுங்கள். சாயங்காலம் ஐந்து பைகளை வைத்துக்கொண்டு யோசித்தால் எதுவும் நினைவுக்கு வராது.

அரிக்கமேட்டிலும் (1945) பிரம்மகிரியிலும் (1947) தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரின் கட்டமுறையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: களத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, நடுவே மண்சுவர் விட்டுத் தோண்டுவது. ஐரோப்பாவில் பல களங்களில் அந்த மண்சுவரே இருக்காது. பரப்பு முழுவதையும் திறந்துவிடுவார்கள். அங்கே அவர்கள் முறைதான்.

சின்ன ஓடுதானே என்று பெட்டியில் போட்டால் அது குற்றம். படம் வெளியிடும் முன்பும் அகழாய்வு இயக்குநரிடம் கேளுங்கள். இடம் தெரிந்துவிட்டால் புதையல் திருடர்கள் இரவில் மண்வெட்டியோடு வருவார்கள்.